அயிரை யாருது?

ஆடு வைத்திருந்தால் ராசிங்காபுரத்தில் மரியாதை உண்டு. மாடு வைத்திருந்தால் பெண் கேட்டே வருவார்கள். வாத்து வைத்திருந்த ஒச்சம்மாளுக்கு மட்டும் கிடைத்தது சிரிப்புதான். முட்டை கவிச்சி வீசும், கறி சவசவவென்று இருக்கும் என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை வாயில் வைத்தே பார்க்காதவர்கள்.

அவள் அசரவில்லை. ஒன்பது வருடம் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் களை எடுத்து, அட்டைக் கடியும் கங்காணியின் வசவும் போதுமென்று, கூடையில் பன்னிரண்டு வாத்து முட்டையோடு போடிமெட்டு இறங்கி வந்தவள். மேலே மலையாளத்து வீடுகளில் வாத்துக்கு இருந்த மதிப்பை நேரில் பார்த்திருந்தாள். நாட்டு வாத்துக்கு அடைகாக்கிற பொறுமை கிடையாது என்பதால் முட்டைகளைக் கோழிக்கு அடை வைத்தாள். பொரித்த குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கியதும் அந்தக் கோழி கரையில் நின்று கத்திய கத்தலை ஊரே வேடிக்கை பார்த்தது.

எண்பத்தொன்றாம் வருடம் அவளிடம் நாற்பத்து மூன்று உருப்படி. முட்டைக்கு நாட்டு வாத்து, கறிக்குச் சத்தமே போடாத மணிலா வாத்து, இரண்டும் சேர்ந்து பிறந்த கலப்பு கொஞ்சம். விடியுமுன் முட்டை இட்டுவிடும். ஆனாலும் பிந்தி இடுகிற சோம்பேறிகளுக்காக எட்டு மணி வரை பட்டியைத் திறக்க மாட்டாள். அப்புறம் பொழுதுக்கும் கண்மாயில் மேய்ச்சல். முட்டைகள் தவிட்டில் புதைந்து ஜீப்பேறி மெட்டுக்குப் போகும்.

அந்த ஐப்பசியில் கண்மாய் மீனை ஏலம் எடுத்திருந்தவர் பால்சாமி. கட்லா மீன்குஞ்சுகள் வாங்கி விட்டிருந்தார். வலையில் மீன் சரியாக விழாமல் போகவே, எல்லாம் வாத்து தின்றுவிட்டது, இனி அவை கண்மாயில் இறங்கக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார். கண்மாய் இல்லையென்றால் அத்தனை வாய்க்கும் தீனி ஏது? வாத்துகளை விற்றுவிட்டு மறுபடி மலையேற வேண்டியதுதான். நினைக்கவே ஒச்சம்மாளுக்கு உடம்பு எரிந்தது. பணிந்து போகச் சொல்லி அவள் புருஷன் ராக்கையா காதோரம் முணுமுணுத்தான். அவள் கேட்கிற ஆளா?

“மேஞ்சுட்டு வர்றதுல ஒங்களுக்கு எது வேணுமோ அதைப் பிடிச்சு அறுங்கண்ணே. நீங்க விட்ட மீனு வயித்துல இருந்தா அம்புட்டையும் இன்னைக்கே வித்துட்டு மலையேறிர்றேன்.”

பால்சாமி இருந்ததிலேயே கொழுத்த கறுப்பியைப் பிடித்தார். நாள் தவறாமல் முட்டையிடுகிறவள் அவள். ஒச்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அறுத்தபோது, மறுநாள் இட வேண்டிய முட்டை ஓடு கட்டாமல் உள்ளே கிடந்தது. இரைப்பையில் நத்தையும் நெல்மணியும் மணலும். தொண்டையில் மட்டும், இன்னும் கீழே இறங்காமல், விரல் நீளத்தில் ஒரு மீன்.

பால்சாமி அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். ஒச்சம்மாள் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டினாள்.

“இது அயிரைண்ணே. நீங்க அயிரையா வாங்கி விட்டீக?”

ஏலம் எடுத்த பிறகு கண்மாயில் நீந்துகிறதெல்லாம் தனக்குத்தான் என்றார் அவர். ஒச்சம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“அயிரை இவருதுன்னா, நேத்து ஒங்க வீட்டுகள்ல கொதிச்ச கொழம்பு யாருது?”

மழைக்காலத்தில் கண்மாயில் பழைய சேலையை விரித்துப் பிடித்து அயிரை அரிக்காத வீடு அந்த ஊரில் கிடையாது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த பெரியகருப்பன் வீட்டிலும் முந்தின நாள் அயிரைக் குழம்புதான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அயிரை ஊருக்குப் பொது, வாத்து மேயட்டும் என்று சொல்லி எழுந்தார்.

மறுநாள் காலை நாற்பத்திரண்டு வாத்துகளையும் ஒச்சம்மாள் பால்சாமி வீட்டு வாசல் வழியாக ஓட்டிப் போனாள். அது சுற்றுவழி. கறுப்பியை நினைத்து நினைத்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் ஓட்டினாள், வழியை மாற்றவில்லை.