மற்றும் பலர் கிடையாது

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் பதிப்பகம். மருந்து வாங்க வந்தவர்கள் வழி தவறி மாடியேறி இருமலுக்கு மருந்து கேட்பார்கள். மாடிக்கு வரவேண்டியவர்கள் கீழேயே நின்று, "எங்க மாமனாரைப் புத்தகமாப் போடணும், எவ்வளவு நாளாகும்?" என்று மருந்துக்கடைக்காரரை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அவரும் பொறுமைசாலி. "ரெண்டு வேளை சாப்பிட்டுப் பாருங்க, கேக்கலேன்னா மாடிக்குப் போங்க" என்பார்.

குடும்ப வரலாறு, கம்பெனி வரலாறு, இவைதான் அங்கே போடும் புத்தகங்கள். மூன்று தலைமுறையாகப் பல் பிடுங்கிய குடும்பம் ஒன்று வந்தது. குடும்பப் படத்தில் பதினான்கு பேர், ஒருவர்கூட வாயைத் திறந்து சிரிக்கவில்லை. லாரி கம்பெனி வந்தது, சோப்புக் கம்பெனி வந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதன் நிறுவனர் வெறுங்கையோடுதான் இந்த ஊருக்கு வந்திருப்பார். "ஒருத்தராவது ஒரு பையைத் தூக்கிட்டு வந்திருக்கக் கூடாதா" என்று பதிப்பாளர் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே அந்த வரியை இன்னொரு தடவை எழுதுவார்.

உள்ளறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு வயது ஐம்பத்தொன்று. படங்களுக்குக் கீழே பெயர் எழுதுவது அவள் வேலை. யார் என்ன படத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், உட்காரச் சொல்வதற்கு முன்பே, "இடமிருந்து சொல்லுங்க" என்பாள். அதனால் அச்சகத்தில், பைண்டிங்கில், கீழே மருந்துக்கடையில், எங்கும் அவளுக்கு 'இடமிருந்து' என்றே பெயர். "இடமிருந்து அக்கா வந்தாச்சா?" என்று ஃபோனில் கேட்பார் அச்சக மெஷின்காரர். அவளும் "வந்தாச்சு, சொல்லுங்க" என்பாள்.

இருபத்துநான்கு வருடத்தில் அவள் கைப்பட்ட எந்தப் புத்தகத்திலும் 'மற்றும் பலர்' என்ற இரண்டு சொல் கிடையாது. எண்பது பேர் நிற்கும் படமா, எண்பது பெயர். தெரியாத முகம் ஒன்று இருந்தால் அதற்காக நாலு பஸ் மாறிப் போய்ப் பழைய கணக்குப்பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு வருவாள். பதிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டதுண்டு. அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. அப்பா பம்பு செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். அந்தக் கம்பெனி வெள்ளிவிழாவுக்கு ஒரு புத்தகம் போட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில் அறுபது பேர் நிற்கும் படம். கீழே, முதலாளி, அவர் தம்பி, மேனேஜர் என்று ஐந்து பேருடைய பெயர். அப்புறம் 'மற்றும் பலர்'. அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் தலைக்கு மேலே பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார். வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் பக்கத்தைத் திறந்து, "இந்த மற்றும் பலர் யாருன்னு தெரியுதா? நான்தான்" என்றார். தெருவே அவரைப் 'பலர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. "பலர் சாப்பிட்டாச்சா? பலர் கடைக்குக் கிளம்பியாச்சா?" அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். பதினோரு வயது மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவமானமும் எரிச்சலுமாக இருந்தது. அந்தப் புத்தகத்தை அவள் அதற்கப்புறம் தொட்டதேயில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் குடைக் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது. எழுத்துப் பக்கங்கள் எல்லாம் அச்சாகி மடித்து அடுக்கியாகிவிட்டது. வழவழப்பான தாளில் போகவேண்டிய படங்கள் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை மெஷின் ஏறவேண்டும்.

படங்களில் பெரியது கம்பெனியின் ஐந்தாம் ஆண்டில் எடுத்தது. மூன்று வரிசையில் முப்பத்தொரு முகம். முன்வரிசையின் வலது கோடியில், பெஞ்சுக்குப் பின்னால், ஒரு விரித்த குடை. குடைக்குப் பின்னால் யாரோ. பழைய ஃபோர்மேன் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தொரு பெயரையும் சொல்லிவிட்டார். குடையைக் காட்டியதும் உதட்டைப் பிதுக்கினார். "படம் எடுக்கிற நேரத்துல எவனோ குடைப் பொத்தானை அமுக்கிட்டான்" என்றார்.

கம்பெனித் தலைவியைச் சேர்மன் அம்மா என்பார்கள். நிறுவனரின் மகள். அறுபத்தேழு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத பேச்சு. அவர் ஃபோனிலேயே முடித்துவிட்டார்.

"அந்தக் கோடியில மற்றும் பலர்னு போட்டு முடிங்க."

"ஒருத்தர்தானேம்மா இருக்காங்க. பலர்னு எப்படிப் போடறது?"

"அன்னைக்கு நான் லீவு. எனக்கு ஒண்ணும் தெரியாது. போடுங்க."

இடமிருந்து போடவில்லை. கம்பெனி வாசலில் அந்தப் படத்தைப் பெரிதாக ஒட்டி, 'குடைக்குப் பின்னால் இருப்பவரைத் தெரிந்தவர்கள் மருந்துக்கடை மாடிக்கு வரவும்' என்று எழுதிவைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் காலையிலேயே ஏழு குடும்பம் மாடியேறிவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஊரில் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று பயந்துபோனார். ஒரு வீட்டார், அது எங்கள் சித்தி, குடைப் பிடியைப் பிடித்த விதமே சொல்கிறதே என்றார்கள். பிடி படத்தில் தெரியவேயில்லை. இன்னொருவர், "எங்க பெரியப்பாவுக்குக் கால் கட்டைவிரல் இப்படித்தான் வளைஞ்சிருக்கும்" என்று சத்தியம் செய்தார். படத்தில் இருந்தது ஷூ. "ஷூவுக்குள்ள வளைஞ்சிருக்கும்மா" என்று அவர் விடவில்லை. மூன்றாவது வீட்டுக்காரி, தன் மாமியார் ஆயுசு பூராவும் வேலை நேரத்தில் ஒளிந்துகொள்கிறவர், ஆகவே அது அவரேதான் என்றாள். இரண்டு குடும்பம் கைகலப்புக்குப் போய், பதிப்பாளர் நடுவில் புகுந்து, மூக்குக்கண்ணாடி நெளிந்து வெளியே வந்தார்.

"ஒரு குடைக்கு ஏழு சொந்தம். பேசாம மற்றும் பலர்னு போட்டுடுவோம். நிஜமாவே பலர்தான் வந்துட்டாங்களே" என்றார் அவர், கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டே.

"ஒரு நாள் குடுங்க சார்."

மற்றவர்கள் எல்லோரும் குடையைப் பார்த்தார்கள். இடமிருந்து குடையைச் சுற்றிப் பார்த்தாள். படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கித் தரையில் விரித்து, முழங்காலிட்டு, பூதக்கண்ணாடியோடு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஊர்ந்தாள். பின்சுவரில் தாள் கிழிக்கும் நாட்காட்டி தொங்கியது. அதில் தேதி இருந்தது. கம்பெனிக் கிடங்குக்குப் போனாள். நிறுவனர் ஒரு காகிதத்தைக்கூடத் தூர எறியாத மனிதர், புண்ணியவான். அந்தத் தேதியின் வருகைப் பதிவேடு பூச்சி அரிக்காமல் கிடைத்தது. கையெழுத்துகளை எண்ணினாள். முப்பத்துமூன்று.

முப்பத்தொரு முகத்துக்கும் டிக் போட்டாள். ஏழு வீட்டாரும் சொன்ன ஏழு பேரில் நாலு பேர் அதே படத்தில் மூன்றாம் வரிசையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டார் எல்லாம் குடையையே பார்த்ததில் அவர்களைத் தவறவிட்டுவிட்டார்கள். மீதி மூன்று பேர் அப்போது வேலைக்கே சேரவில்லை. டிக் விழாமல் நின்ற கையெழுத்து இரண்டு. ஒன்று, கம்பி மாட்டும் பிரிவில் ஓர் இளைஞனுடையது. இன்னொன்று, தையல் பிரிவில், முதலாளியின் மகளுடையது.

இடமிருந்து எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பவும் தரையில் உட்கார்ந்து பெஞ்சுக்கால்களுக்கு நடுவே பார்த்தாள். பெரிய ஷூ இரண்டு. அவற்றுக்கு எதிரே, பெஞ்சின் காலோடு காலாக, இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படாத சின்னச் செருப்பு இரண்டு. அந்தச் செருப்பின் குதிகால் தரையில் இல்லை. எம்பி நின்றது.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. தரையில் கிடந்த முப்பத்துமூன்று பேர் மேலும் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பதிப்பாளர் ஓடிவந்தார். அவள் பேச்சு வராமல் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயத்தை எடுத்து நீட்டினாள். சேர்மன் அம்மா தானே சொல்லச் சொல்ல எழுதியது. 'அப்பா கைகாட்டினார், நான் தலையாட்டினேன். கல்யாணத்துக்கு முன் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை.' அந்தக் கல்யாணம் இந்தப் படத்துக்கு இரண்டு வருடம் கழித்து நடந்தது. மாப்பிள்ளை, கம்பி மாட்டும் பிரிவிலிருந்த அதே இளைஞர்.

"அச்சாயிடுச்சே" என்றார் பதிப்பாளர், வெலவெலத்துப்போய்.

வியாழக்கிழமை காலை அவள் படத்தையும் பதிவேட்டையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு சேர்மன் அம்மா வீட்டுக்குப் போனாள். நல்லவேளை, வரவேற்பறையில் சேர்மன் அம்மாவும், ஜன்னலோரம் ஒரு குடையைப் பிரித்துப்போட்டுக்கொண்டு அவர் கணவரும் மட்டும் இருந்தார்கள். அவள் பதிவேட்டை விரித்து, அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பெஞ்சுக்கால்களைக் காட்டினாள்.

சேர்மன் அம்மாவின் முகம் சிவந்தது. ஜன்னலோரத்திலிருந்து ஐயா, "கண்டுபிடிச்சாச்சா?" என்றார், நிம்மதிப் பெருமூச்சோடு. "நாப்பத்தஞ்சு வருஷமா வாயைக் கட்டிவச்சிருக்கேம்மா."

"நீங்க சும்மா இருங்க" என்றார் சேர்மன் அம்மா. பிறகு இவளிடம் குரலைத் தாழ்த்தினார். "என் பேத்திக்கு நாலு மாசமா புத்தி சொல்லிட்டிருக்கேன். அந்தப் பையனோட பேசாதே, எங்க காலத்துல நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம்னு. இதை அச்சுல போட்டா அவ முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்? மற்றும் பலர்னு போட்டுட்டுப் போயேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

இடமிருந்துவுக்கு அவர் கஷ்டம் புரிந்தது. ஆனால் அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் பதினோரு வயது எரிச்சல் அப்படியே மேலே வந்தது.

"எங்க அப்பாவுக்கு ஒரு புத்தகத்துல அந்தப் பேருதான்மா போட்டாங்க. அவர் கேக்காமலே போட்டாங்க. நீங்க கேட்டு வாங்குறீங்க. அந்த இடத்துக்கு ஏழு வீடு அடிச்சுக்கிட்டு நிக்குது, நீங்க வேண்டாம்னு தூக்கிப் போடுறீங்க. நீங்க சொன்னா போட்டுத்தான் ஆகணும், உங்க புத்தகம். என் கையால எழுத வராது. வேற யாரையாவது வச்சு எழுதிக்குங்க."

சொன்ன பிறகுதான் என்ன பேசினோம் என்று அவளுக்கே உறைத்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். சேர்மன் அம்மா பூதக்கண்ணாடிக்குக் கையை நீட்டினார். வாங்கிப் படத்தின் மேல் குனிந்தார். கண்ணாடியைப் பெஞ்சுக்கால்கள் பக்கம் நகர்த்தினார்.

"எவ்வளவு சின்னக் கால்" என்றார் கடைசியில். "இது நானா?"

"வேற யாரு? அன்னைக்குக் குடையை அமுக்கினதே நீதான். என் மேல பழி போட்டுட்டே" என்றார் ஐயா.

சேர்மன் அம்மா சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, இஸ்திரி மடிப்பெல்லாம் கலையச் சிரித்தார். "ரெண்டு பேர் பேரையும் போடும்மா. இடமிருந்து பார்த்தா நான்தானே முதல்ல? என் பேரை முதல்ல போடு."

ஆறாம் அத்தியாயம் அச்சாகிவிட்டதால் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று வைப்பதென்று முடிவாயிற்று. 'ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதை, நிறையப் பேசியிருக்கிறேன் என்று திருத்தி வாசிக்கவும்' என்று சேர்மன் அம்மாவே சொன்னார்.

"அதை எதுக்குத் திருத்தணும்? அது சரிதானே" என்றார் ஐயா, குடைக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடைக்குப் பின்னாடி நாம எங்க பேசினோம்?"

வருகைப் பதிவேட்டாலேயே அவர் தோளில் ஒரு அடி விழுந்தது.

வெள்ளிக்கிழமை படங்கள் மெஷின் ஏறின. கூடவே பிழைதிருத்தச் சீட்டும். ஒரு தாளில் பன்னிரண்டு சீட்டு அடங்கும். தாளைப் பார்த்துக்கொண்டு நின்ற இடமிருந்து, மெஷின்காரரிடம் மெதுவாகக் கேட்டாள்: "பன்னிரண்டாவதுல வேற ஒரு சீட்டு போட முடியுமா? எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்." இருபத்துநான்கு வருடத்தில் அந்த அக்கா தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. அவர் மறுபேச்சில்லாமல் அச்சுத் தகட்டை மாற்றினார்.

வெளியீட்டு விழாவில் பேத்தி அந்தப் படப் பக்கத்தையும் பிழைதிருத்தச் சீட்டையும் படித்துவிட்டுப் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி பந்தல் கூரையைப் பார்த்தார். பெரியப்பா வீட்டார், மூன்றாம் வரிசையில் பெரியப்பா ஷூவோடு நிற்பதைக் கண்டுபிடித்து, கட்டைவிரல் விஷயத்தில் தாங்கள் சொன்னதுதான் சரி என்று சாதித்தார்கள்.

இடமிருந்து மதியமே வீட்டுக்குத் திரும்பினாள். எண்பத்திரண்டு வயது அப்பா கட்டிலில் உட்கார்ந்து வானொலிப்பெட்டியைக் கழற்றிப்போட்டிருந்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பம்பு கம்பெனிப் புத்தகத்தை எடுத்தாள். நாற்பது வருடம் கழித்து அவள் கை அதில் பட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில் சீட்டை வைத்து அவரிடம் கொடுத்தாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். 'பிழைதிருத்தம். பக்கம் 41. மற்றும் பலர் என்பதற்கு முன்,' என்று தொடங்கி, மூன்றாம் வரிசையில் அவர் நிற்கும் இடமும், முன்னெழுத்தோடு அவருடைய முழுப் பெயரும், ஃபிட்டர் என்ற வேலையும் அதில் இருந்தன. இரண்டு தடவை வாசித்தார். பெயர் மேல் விரலால் தடவினார்.

"அப்ப இனிமே நான் பலர் இல்லையா?" என்றார்.

"இல்லப்பா."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகம் சுருங்கியது. சீட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "இவ்வளவு நாள் எல்லாரும் ஒண்ணாத்தாம்மா இருந்தோம். என்னை மட்டும் வெளியில எடுத்துட்டா மத்தவனுங்க கோவிச்சுக்க மாட்டானுங்களா? இவன், இதோ, என் பக்கத்துல நிக்கிறவன். என் டிபன் பாக்ஸ்ல பாதி இவன்தான் சாப்பிடுவான்."

"இவங்க பேரெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்காப்பா?"

"பேரு மறக்குமா? அறுபது பேரும் தெரியும். நீ கேட்டதில்லையே."

ஊரில் உள்ள அத்தனை வீட்டிலும் கேட்டிருக்கிறாள். சொந்த வீட்டில் கேட்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள்.

"இடமிருந்து சொல்லுங்கப்பா."

அப்பா படத்தை மடியில் வைத்து, இடது கோடியில் நிற்பவன் மேல் விரலை ஊன்றினார்.

"இவன் லேத்து ஓட்டுறவன். சரியான வாயாடி. எழுதிக்கோ" என்று ஆரம்பித்தார்.