மெழுகும் ஒரு வாளித் தண்ணீரும்

எங்கள் வீட்டில் தீப்பிடித்தபோது என் கணவர் செய்தது, நெய்வேலியில் எந்த ஆணும் செய்திருக்கக்கூடியதுதான். தண்ணீரை எடுத்து ஊற்றினார். அவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அங்கே பழுப்பு நிலக்கரி குவிந்து கிடந்தாலே தானாகப் புகைந்து பற்றிக்கொள்ளும். புகை என்றால் தண்ணீர், நெருப்பு என்றால் இன்னும் தண்ணீர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கைக்குப் பழகியது அதுதான். ஆனால் அன்று எங்கள் சமையலறையில் எரிந்தது நிலக்கரி இல்லை, மெழுகு.

ஒருமுறை சுட்ட மண் கோப்பைகளை வாங்கி, வண்ணப்பூச்சு தீட்டி, மறுபடி சுட்டு விற்பது என் தொழில். மந்தாரக்குப்பத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து மின்சூளை வைத்திருக்கிறேன். இலை, மீன், கோலம் என்று எதை மண் நிறத்திலேயே விட வேண்டுமோ, அங்கே உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவுவேன். மெழுகின் மேல் பூச்சு ஒட்டாது. சூளையில் மெழுகு எரிந்து போய்விடும், மீன் மட்டும் நிற்கும். மெழுகை உருக்கித் தடவுவது மட்டும் சுரங்க நிறுவனம் கொடுத்த குவார்ட்டர்ஸ் சமையலறையில். வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்காமல் வாணலியை நேராக கேஸ் அடுப்பில் ஏற்றியிருந்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது, அதில் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். வாணலியில் தீ எரிந்துகொண்டிருந்தது. பதறவில்லை. மேடையில் அகலத் தட்டு இருந்தது, அதைக் கவிழ்த்தால் அணைந்துவிடும். நான் தட்டுக்குக் கை நீட்டியபோது அவர் குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கிவிட்டார். மரியாதையெல்லாம் பறக்கக் கத்தினேன்.

"ஊத்தாத. தட்டப் போட்டு மூடு."

ஊற்றினார். தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் அந்த நொடியே ஆவியாகி, எரியும் மெழுகை வாரி மேலே அடித்தது. தீ கூரை வரை எழுந்து விரிந்தது. அவருடைய வலது கை முழங்கை வரை எரிந்தது. என் கழுத்தில் ஒரு கை அகலத்துக்கு மெழுகு ஒட்டிக்கொண்டு எரிந்தது. நான் அதைப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தம் மாதிரியே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்னது இதுதான்: "மெழுகு தானா வெடிச்சிதுங்க." பக்கத்துக் கட்டிலில் நான் கிடந்தேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் போனதும் கேட்டேன். நீ ஒன்றும் கத்தவில்லை, என் காதில் எதுவும் விழவில்லை என்றார். கழுத்துப் புண்ணைவிட அது எரிந்தது.

அது வெறும் வீம்புச் சண்டை இல்லை. மெழுகு தானாக வெடித்ததென்றால் என் தொழிலே வெடிகுண்டு. தண்ணீரால் வெடித்ததென்றால் முறையை மாற்றினால் போதும். எங்கள் பிளாக்கில் எல்லோரும் முதல் கதையை நம்பினார்கள். குவார்ட்டர்ஸில் குண்டு செய்கிறாள் என்று மாடிப்படியில் என் காதுபடவே பேசினார்கள். அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"எவனாவது ஆபீஸ்ல சொன்னா வூட்டக் காலி பண்ணச் சொல்லிடுவான். இனிமே இந்த வூட்ல பானையும் கெடையாது, சட்டியும் கெடையாது."

"தண்ணி ஊத்துனது நீங்க."

"வெடிச்சது ஒன் மெழுகு."

கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலால் என் கோப்பை அலமாரியை உதைத்தார். முதல் தட்டுக் கோப்பைகள் சரிந்து நொறுங்கின. எனக்குக் கண் மண் தெரியவில்லை. மிச்சத்தை உடைக்கும் சந்தோஷத்தை அவருக்குத் தரக்கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்து நானே தரையில் அடித்தேன். கடைசிக் கோப்பை அவர் காலருகே தெறித்தது. குறி வைத்துத்தான் அடித்தேன். அவர் வெளியே போய்விட்டார். நான் உடைந்த கோப்பை ஓடுகளின் நடுவே உட்கார்ந்து வெறி தீர அழுதேன்.

பெருக்கும்போதுதான் புத்தி வந்தது. ஒருமுறை சுட்ட ஓடு உடைந்தாலும் பூச்சை உறிஞ்சும். சோதனை செய்ய இதைவிட என்ன வேண்டும்? ஓடுகளைச் சாக்கில் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். தீ வேண்டாம், நெடி வேண்டாம், சூளையில் புகையும் வேண்டாம். அப்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். கோபம்தான் என்னை வேலை செய்ய வைத்தது, தொழில் பக்தி இல்லை.

முதலில் ரப்பர் பால். தடவிக் காய்ந்ததும் தோல் மாதிரி உரிக்கலாம், தீயே தேவையில்லை. டப்பாவைத் திறந்ததும் அம்மோனியா முகத்தில் அறைந்தது. கண் திறக்க முடியவில்லை, ஆறாத கழுத்து இழுக்க இழுக்க இருமினேன். டப்பாவை மூடித் தூரத் தள்ளினேன். அப்புறம் உருக்கத் தேவையில்லாத மெழுகுத் திரவம் ஒன்று கூரியரில் வந்தது. பூசுவதற்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதுவும் சூளையில் எரிந்து புகைகிறது. செல்லோ டேப்புக்கு அடியில் பூச்சு புகுந்தது. மைதாப் பசை ஈரத்தில் கரைந்து வழிந்தது. தோற்ற ஒவ்வொரு ஓட்டையும் கொட்டகைச் சுவரில் அடித்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மாதங்கள் ஓடின. கடைசியில் செய்தித்தாள். மீனாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, ஓட்டின் மேல் விரலால் அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. அதன்மேல் பூச்சைத் தடவி, ஈரப் பளபளப்பு அடங்கியதும் குண்டூசியால் ஓரத்தைத் தூக்கி உரித்தேன். மீன் சுத்தமாக நின்றது. காகிதத்தை உரித்த பிறகுதான் சூளை, ஆகவே எரிவதற்கு ஒன்றுமில்லை. எந்தத் தண்ணீர் என்னைச் சுட்டதோ அதே தண்ணீர்தான் காகிதத்தைப் பிடித்துவைத்தது. சுட்டெடுத்த ஓட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த வாரமே எதிர் குவார்ட்டர்ஸில் காதுகுத்து. பிளாக்கே கூடியிருந்தது. பின்பக்கம் வடைச்சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. அந்த வீட்டுக்காரரும் சுரங்கத்து ஆள்தான். யோசிக்காமல் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். என் கணவர் பாய்ந்து அவர் மார்பில் முழங்கையால் ஓங்கி இடித்தார். வீட்டுக்காரர் தடுமாறிப் படியில் முகம் அடிபட விழுந்தார், வாளி உருண்டது, உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது.

"ஊத்தாத. தட்டப் போட்டு மூடு."

என் கணவர் கத்தியபடியே தாம்பாளத்தை எடுத்துச் சட்டியின் மேல் கவிழ்த்துவிட்டு, அடுப்பை அணைத்தார். தீ அடங்கிவிட்டது. விழுந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"பைத்தியமா ஒனக்கு? எதுக்குய்யா அடிச்ச?"

என் கணவர் தழும்பேறிய வலது கையை நீட்டினார். "இப்டி ஆவும். எங்க வூட்ல ஊத்தனது நான்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை மாதம் நான் ஏங்கிய வார்த்தை, பிளாக் முழுக்கக் கேட்க வந்துவிட்டது. ஆனால் அவர் கத்தியது என் வார்த்தை. அன்று நான் கத்தியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "அன்னிக்குக் காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துது."

"அப்புறம் ஏன் ஊத்துனீங்க?"

"காதுல விழறதுக்குள்ள கை ஊத்திக்கினு இருந்துது."

மேசைமேல் கிடந்த மீன் ஓட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். அவரை அடிக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அது இரண்டாக உடைந்து விழுந்தது. அவர் குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கினார். வலது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு என்னா போட்ட?" என்றார்.

"காகிதம்," என்றேன்.