என் பெயரில் போன ரத்தம்

மலேரியாவில் செத்துப் பிழைத்த பிள்ளை என்பதில் எனக்கு ஒன்பது வயதில் கொஞ்சம் கர்வமே இருந்தது. வாசுதேவநல்லூரில் சித்தி வீட்டுக்குப் போய் வாங்கிவந்த காய்ச்சல் அது. மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தேனாம். டாக்டர் கொய்னா ஊசி போட்டார். அம்மா கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். யாரால் பிழைத்தேன் என்பதில் எங்கள் வீட்டில் கடைசிவரை முடிவு ஏற்படவில்லை.

நான் பிழைத்ததில் எல்லாரையும்விட ஆதாயம் மாமாவுக்கு. அவர் அம்மாவின் தம்பி, மெட்ராஸில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கடுமையான மலேரியாவிலிருந்து மீண்டவர்களின் உடம்பு எப்படித் தேறுகிறது, போன ரத்தம் எத்தனை வாரத்தில் ஊறுகிறது என்பதுதான் விஷயம். ஆள் தேடி அலைந்தவருக்கு அக்கா மகளே அகப்பட்டுவிட்டாள்.

லீவில் வந்தபோது அம்மாவுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் என் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் மெல்லத் தேய்த்துவிட வேண்டும். காய்ந்ததும் என் பெயரும் தேதியும் எழுதி மெட்ராஸுக்குப் பார்சல். தினம் தோசைக்கல்லில் மாவு தேய்க்கிற கைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் முதல் வெள்ளிக்கிழமை ஊசியைக் கண்டதும் நான் வீறிட்டேன். அம்மா பிடித்திருந்த என் விரலை விட்டுவிட்டாள். பிறகு தன் விரலில் குத்திக்கொண்டாள்.

"நான் பெத்த பிள்ளைதான நீ? ரெண்டும் ஒரே ரத்தந்தான். மாமாட்ட மூச்சு விடாத, கேட்டியா" என்றாள்.

நான் மூச்சு விடவில்லை. எனக்கென்ன நஷ்டம்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. கோமதியம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த சமயம், மாமா சொல்லாமல் கொள்ளாமல் ரயிலிறங்கினார். மற்ற நோயாளிகளுக்கெல்லாம் ரத்தம் ஊறி வர, என் ரத்தம் மட்டும் மைக்ராஸ்கோப்பில் வாரத்துக்கு வாரம் வெளிறியே தெரிந்ததாம். படிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இரும்புச்சத்து டானிக் நாலு பாட்டிலோடு ஓடி வந்திருந்தார். பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு நேரே கோயிலுக்கு வந்தார்.

அங்கே நாங்கள் நேர்த்திக்கடனுக்கு ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தோம். நூற்றெட்டு முறை வலம் வர வேண்டும். நாங்கள் என்றால், நான். அம்மா பத்தாம் சுற்றிலேயே தூணில் சாய்ந்து, "நீ சுத்துட்டி, நான் எண்ணுதேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். அறுபதாவது சுற்றில் ஓடிவந்தவள் மாமா வயிற்றில் போய் முட்டினேன்.

மாமா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தூக்கித் தட்டாமாலை சுற்றினார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எட்டு வாரம் குத்துன விரலாட்டி இது?"

"எனக்கு எங்க குத்துனா? அம்மா அவ விரல்லதான் குத்துவா."

மாமா கோயில் என்றும் பாராமல் சிரித்தார். அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "ஏலே, ஒம் படிப்பக் கெடுத்துட்டனோ?" என்றாள்.

"போட்டும்க்கா, வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நாலு பாட்டிலையும் அம்மா முன்னால் வைத்து, "வேளைக்கு ரெண்டு கரண்டி. நீ குடிக்கத நான் இங்கன இருந்து பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். பத்து நாள் இருந்தார். அந்தப் பத்து நாளும் வீடே தேரோட்டம்தான். ராட்டினம் ஏறினோம், மிட்டாய் தின்றோம்.

டானிக் விஷயத்தில் மட்டும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காய்ச்சலில் கிடந்தது நான், டானிக் மட்டும் அம்மாவுக்கா? முதல் நாளே சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா அந்தப் பக்கம் போனதும் அம்மா தன் கரண்டியை என் வாயில் கவிழ்த்தாள். தித்திப்பாக இருந்தது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, இரண்டாவது கரண்டியையும் கேட்டேன்.