மாயாபந்தர் நண்டுக்கு வைத்த பெயர்

நண்டு, இறால், கொசு இவற்றின் உடம்பில் குடியிருக்கும் ஆர்.என்.ஏ. வைரஸ்களை இனம் பிரித்துப் பெயர் வைப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. குழந்தைக்குப் பெயர் வைத்தால் பாயசம் கிடைக்கும்; இதில் கிடைப்பது வசவுதான். சொந்தக்காரர்களுக்குப் பயந்து பயந்து உத்தியோகம் பார்க்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

கையுறை

என் மைத்துனன் பாஸ்கர் அந்தமான் தீவிலிருக்கும் மாயாபந்தரில் நண்டு வியாபாரி. உயிர் நண்டைக் கட்டிக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு, சென்னைக்கு, அனுப்புகிறவன். ஆய்வுக்கு நாலு நண்டு கேட்டேன். கொழுத்ததாகப் பொறுக்கிக் கொடுத்தான். நான் கையுறை மாட்டியதுதான் தாமதம், படகுத்துறையில் நின்ற கூட்டம் மொத்தமும் பின்வாங்கியது. நண்டு வைரஸ் மனுஷனுக்கு ஒட்டாது என்று தமிழிலும் ஹிந்தியிலும் கத்திப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. பாஸ்கருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், மொதல்ல அந்த கிளவுஸைக் கழட்டுங்க. சென்னையில வாங்குற பார்ட்டி காதுக்குப் போச்சுன்னா ஆர்டர் கேன்சல்!"

ஊர்ப் பெயர்

நண்டுகளுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் அரைத்து, ஆர்.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தால், யாரும் இதுவரை கண்டிராத வைரஸ் ஒன்று உள்ளே இருந்தது. எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தாயிற்று. அடுத்தது பெயர். அந்தப் பிராணியைப் பிடித்த ஊரின் பெயரையே வைரஸுக்குச் சூட்டிவிடுவது எங்கள் ஆய்வகத்து வழக்கம்.

'மாயாபந்தர் நண்டு வைரஸ்' என்று எழுதிப் பார்த்துவிட்டு உடனே அடித்தேன். அந்தப் பெயர் வெளியே வந்தால் சென்னையில் எவன் மாயாபந்தர் நண்டை வாங்குவான்? பாஸ்கரின் குடும்பம் அந்த வியாபாரத்தை நம்பித்தான் சாப்பிடுகிறது. ராத்திரியில் தூக்கமில்லை. கடைசியில் எங்கள் ஆய்வகத் தலைவியான வங்காளி மேடத்திடம் போய்க் கெஞ்சினேன். அவருக்கும் கொஞ்சம் தமிழ் வரும்.

"டரோ மத், பயப்படாதே. உன் மச்சான் ஊர் பேர் வராது, பக்கா!"

வெளியான பெயர்

சொன்ன சொல்லை மேடம் காப்பாற்றினார். ஆய்வுக் கட்டுரை வெளியானபோது மாயாபந்தர் என்ற பேச்சே தலைப்பில் இல்லை. 'அந்தமான் நண்டு வைரஸ்' என்று இருந்தது. செய்தி எப்படியோ சென்னைக்குப் போய்விட்டது. அங்கே தீவிலிருந்து வரும் நண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பாஸ்கரிடமிருந்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது, எடுத்தேன்.

"மச்சான், நான் ஒருத்தன் மாட்ட வேண்டியது, பூரா தீவும் மாட்டிக்கிச்சு. பக்கத்துத் தீவு லாங் ஐலண்ட்காரன் வரைக்கும் உங்க வீட்டு அட்ரஸ் கேக்குறான்!"

அந்த வைரஸால் இன்றுவரை ஒரு நண்டுகூடச் சாகவில்லை. அதற்குப் பெயர் வைத்தவன்தான் ஒவ்வொரு படகுத்துறையிலும் இறங்கும்போது செத்துச் செத்துப் பிழைக்கிறான்.