நாய் இல்லாத படம்

பகலில் நான் மலாக்காவில் புலாவ் செபாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். விடுமுறை நாட்களில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நான்கு கட்டச் சித்திரக் கதை வரைந்து கொடுத்தேன். கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் வரைவேன். சிரிப்பு அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்ற மூன்றையும் தொடுவேன். பென்சில், அதன்மேல் நிப்பால் மை, தவறிய கோட்டுக்கு வெள்ளைச் சாயம். பேச்சுக் குமிழ்களை மட்டும் காலியாக விட்டுவிடுவேன். என் கையெழுத்து அச்சுக்கு உதவாது. வசனத்தைத் தனிச் சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் குத்தி அனுப்பினால், அச்சகத்தில் எழுத்துக் கோத்து அடித்து, வெட்டிக் குமிழுக்குள் ஒட்டிக்கொள்வார்கள். வரைகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

மலாயாவில் வெள்ளைக்காரச் சர்க்கார் அறிவித்த அவசரகாலத்தில் தோட்டத்துக் கேட்டில் தினமும் சோதனை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று, ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது. கேட்டுப் போலீஸ்காரர் பால் வாளிக்குள் துழாவிய விரலையே பெண்களின் தேத்தண்ணீர்ப் போத்தலுக்குள்ளும் விடுவார். எடுத்து முகர்ந்து பார்ப்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த குமட்டலில்தான் அந்தக் கதை பிறந்தது.

போலீஸ்காரர் போத்தலை முகர்கிறார். வாளியைக் கவிழ்க்கிறார். மூன்றாவது கட்டத்தில் ஒரு பெண் கை நீட்டி, "அங்க பாருங்க, உங்க சோறு போகுது" என்கிறாள். நான்காவதில் அவருடைய சோற்றுப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு நாய் ஓடுகிறது.

கை நீட்டும் பெண்ணுக்கு என் மகளை நிற்க வைத்தேன். பதினாறு வயது, டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

"கை வலிக்குதுப்பா. எவ்வளவு நேரம் லா?"

"விரல் மட்டும்தான் பாக்கி."

"நாய்க்குக் காட்டுற மரியாதைய எனக்கும் காட்டுங்க. அத ஓடத்தானே விட்டீங்க?"

பத்திரிகை அந்தக் கதையைப் போடவில்லை. கேட்டு விஷயம் இப்போது வேண்டாம் என்றார்கள். நானும் மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மளிகைக் கடையில் நெத்திலி வாங்கினேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டியபடியே காகிதத்தை உற்றுப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது நம்ம பாப்பா மாதிரியே இருக்கு."

"எது?"

"கவர்மெண்டு ஏரோப்ளேன்ல இருந்து போட்ட காயிதம். மரத்தடியெல்லாம் கிடக்கு. பொட்டலத்துக்குத் தோதா இருக்குனு பொறுக்கியாந்தேன். மூக்கப் பாருங்க, அப்படியே."

மூன்றாவது கட்டம் மட்டும், பெரிதாக்கி அடித்திருந்தது. நாய் இல்லை. போலீஸ்காரரின் பின்னால் ரப்பர் மரங்கள், மரங்களைக் காட்டும் என் மகளின் விரல். நான் காலியாக விட்ட குமிழுக்குள், "அவர்கள் அங்கேதான் ஒளிந்திருக்கிறார்கள்" என்று இருந்தது. மீன் வாடை. அவள் கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினேன். கடைக்கு வெளியே வந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன்.

போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில், காட்டிக் கொடுத்தவர் என்று சந்தேகப்பட்டு ஒருவரைத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து காட்டுக்காரர்கள் இழுத்துப் போயிருந்தார்கள். அவர் திரும்பவில்லை.

பத்திரிகை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். ரொட்டியைக் கோப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நல்லா வந்திருந்துச்சு சார். கவர்மெண்டுல கேட்டாங்க, குடுத்தோம். ஒரு கட்டம்தானே."

"அந்த வசனம் என்னோடது இல்ல."

"குமிழி காலியாத்தானே இருந்துச்சு."

"அது என் பொண்ணு."

"அப்படியா? லட்சணமாத்தான் இருக்கு. பயப்படாதீங்க லா. காட்டுல இருக்கறவன் படமா பாத்துக்கிட்டு இருக்கப் போறான்?"

அவன் பார்க்கத்தானே வானத்திலிருந்து போட்டார்கள். ஆசிரியரின் தாடையில் கோப்பி வழிந்தது. ஈர விரலை மேசைமேல் கிடந்த யாரோ வரைந்த படத்தில் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்தேன்.

மறுநாளே மகளின் பள்ளிக்கூடப் படிப்பை நிறுத்தி, அவளை மலாக்கா டவுனில் இருக்கும் என் மனைவியின் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனேன். கிளம்பும்போது மனைவி, "என்னங்க, முக்காடு போட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். பஸ் ரப்பர் காட்டுக்குள் போனபோது மகள் முக்காட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "நாயையும் சேத்துப் போட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க, இல்லப்பா?"

இப்போது வேறொரு பத்திரிகைக்கு வரைகிறேன். வசனத்தை நானே கோணல் எழுத்தில் குமிழுக்குள் எழுதிவிட்டுத்தான் படத்தைத் தொடங்குகிறேன். முகங்களுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொள்கிறேன். போலீஸ்காரர், கங்காணி, மரம் வெட்டும் பெண் எல்லாருக்கும் என் மூக்குதான். "உங்களுக்கு ஒரே மூஞ்சிதான் வரும் போல" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அந்த முகத்தை வரைய எனக்கே அருவருப்பாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வழியனுப்ப ரோட்டோரம் வந்து நின்றவள், கை நீட்டித் தூரத்தில் எதையோ காட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று கீழே இழுத்தேன். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பாட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பஸ்ஸுதான்பா வருது" என்றாள். கையை விட்டபோது அவள் தோலில் என் விரல்கள் பதிந்திருந்தன.