டிஸ்கஸ் தொட்டியும் என் இடது கையும்

கணவர் ஆறு மாத வேலையாக ஜெர்மனிக்குப் போனபோது, புனேயின் சாங்வியில் எங்கள் வாடகை வீட்டில் என் பொறுப்பில் இரண்டை விட்டுச் சென்றார். ஒன்று, மூன்று வயது நிறையாத மகள். இன்னொன்று, ஹாலின் ஒரு சுவரையே அடைத்து நின்ற மீன் தொட்டி. நீண்ட இலைச் செடிகளும் முறுக்கிய மரவேர்களுமாக அதற்குள் ஒரு காடு இருந்தது. அதன் நடுவே, தோசைத் தட்டுப் போல் வட்டமும் தட்டையுமான டிஸ்கஸ் மீன்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, டிரம்மில் முதல் நாளே பிடித்து வைத்ததை ஏற்ற வேண்டும். மணலில் படிந்த அழுக்கைக் குழாயால் உறிஞ்ச வேண்டும். அழுகிய இலைகளைக் கிள்ளிப் போட வேண்டும்.

"ஹீட்டர மட்டும் ஆஃப் பண்ணீராத கண்ணு. புனே குளிருல தண்ணி ஆறிப்போச்சுன்னா ஒண்ணுகூடத் தேறாது," என்று ஏர்போர்ட்டிலிருந்தும் சொன்னார். நான் அதை ஒருபோதும் அணைக்கவில்லை.

டிசம்பரில் மீன்கள் கறுத்தன. சிவப்பும் நீலமும் மங்கி, உடம்பில் கரிய பட்டைகள் எழும்பின. எல்லாம் மரவேருக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒண்டி, சுவரைப் பார்த்து நின்றன. டிஸ்கஸ் முகத்தை நேராகத் திருப்பினால் வெறும் கோடாகிவிடும். சில நேரம் தொட்டியே காலியாகிவிட்டது போலிருக்கும். அருகே போனால் கோடுகளின் இரு பக்கமும் கண்கள் தெரியும். வீடு துடைக்க வரும் அக்கா ஒருநாள் துடைப்பதை நிறுத்திவிட்டு, "தாயி, பாணி சாங்ல நாஹி," என்று மராத்தியில் சொன்னார். தண்ணீர் நல்லதில்லையாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவசரமாகத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்.

என் கையில் அது தொடங்கியதும் அப்போதுதான். தரை நனைந்து வழுக்கும் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் மாற்றுவேன். இடது கையை உள்ளே விட்டதும், கண்ணுக்குத் தெரியாத எதுவோ விரல் நுனிகளை மெல்லப் பற்றி ஆராய்வது போலிருந்தது. கையை எடுத்தால் நின்றுவிடும். விட்டால், காத்திருந்தது போல மறுபடி பற்றும்.

"ஏங்க, தண்ணிக்குள்ள கைய விட்டா யாரோ புடிக்கற மாதிரி இருக்குதுங்க."

"யாரு, நம்ம மீனா? பசிக்குதுன்னு கேட்டிருக்கும்," என்று போனில் சிரித்தார்.

"வெளையாடாதீங்க. இடது கைங்க."

"இடது கைன்னா ஹார்ட்டுன்னு நெட்டுல போட்டுப் பாத்தியாக்கும்? போய் டாக்டரப் பாரு கண்ணு. அப்பத்தான் நீ தூங்குவே."

பக்கத்து ஏரியாவான ஔந்தில் ஒரு டாக்டர் பி12 குறைவு என்று மாத்திரை கொடுத்தார். தவறாமல் விழுங்கினேன். பயம் மட்டும் போகவில்லை. மகளை அந்தக் கையால்தான் இடுப்பில் தூக்குவேன். மாடிப்படியில் அது மரத்துப்போனால்? இந்த ஊரில் நான் விழுந்தால் அவளை யார் எடுப்பார்கள்? கொஞ்ச நாள் அவளைத் தூக்காமல் நடக்க வைத்தேன். அதற்கும், பாசமில்லாதவளாகிவிட்டேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை, பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். தொட்டிப் பம்பின் ஓசை இல்லாத வீடு காதை அடைத்தது. தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் இரும்பு ஸ்டூலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

மூலையிலிருந்து ஒரு மீன் வெளியே வந்தது. பின்னாலேயே மற்றவை. பட்டைகள் கரைந்து, சிவப்பு மெல்லத் திரும்பியது. கண்ணாடிக்கு அருகே வரிசையாக வந்து எங்களைப் பார்த்தன. என் கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது. எதுவும் அதைப் பற்றவில்லை. மாத்திரை கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மகளும் தன் கையை உள்ளே விட்டாள்.

"அம்மா, தண்ணி இன்னிக்குக் கடிக்கல."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு செடிகளுக்குப் பின்னால் நின்ற ஹீட்டரையும், அதன் ஒயர் போய்ச் சேரும் சுவிட்சையும் பார்த்தேன். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் எந்த நொடியும் வரலாம். அவள் கையை இழுத்தெடுத்து, அவளை அள்ளிக்கொண்டு சோபா வரை ஓடினேன். அவள் வீறிட்டு அழுதாள்.

அழுகை ஓய்வதற்குள் மின்விசிறி சுழன்றது. பம்ப் முனகியது. மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்து மூலைக்குத் திரும்பின.

செருப்பைப் போட்டுக்கொண்டு, ஈரம் துடைத்த விரலால் சுவிட்சை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கி, ஹீட்டரை வெளியே எடுத்தேன். அதன் கண்ணாடிக் குழாயில் முடி அளவுக்கு ஒரு விரிசல். உள்ளே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தண்ணி எத்தன தடவ கடிச்சுது பாப்பா?"

இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரல்களையும் விரித்தாள். அவளுக்கு எண்ணத் தெரியாது. எதைக் கேட்டாலும் பத்தையும்தான் காட்டுவாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு தடயமும் இல்லை.