நெடுவல் படித்த ஒரு சொல்

ரொறன்ரோவின் கிழக்கு ஓரம், ரூஜில் மகள் வீட்டு வாசலில் கூடைப்பந்துக் கம்பம் நட்டிருக்கிறார்கள். பேரன் புதுப்பந்தை என் கையில் தந்தான். எறியத்தான் தந்தான், நான் மணந்து பார்த்தேன். அந்த றப்பர் மணம் என்னை எண்பதுகளின் குளிருக்குள் கொண்டுபோய்விட்டது.

அப்போது ரொறன்ரோவில் ஒரு சின்னத் தொழில்முறைக் கூடைப்பந்து அணி இருந்தது. தோற்பதில் மட்டும் தவறாத அணி. ஐஸ் ஹொக்கி மண்டபத்தில் பனிக்கட்டிக்கு மேல் பலகை விரித்து ஆடுவார்கள். பலகை வியர்க்கும். அதைத் துடைக்கிற உத்தியோகம் எனக்கும் மூர்த்தி அண்ணைக்கும். ஊருக்கு எழுதும்போது 'விளையாட்டுத்துறையில் வேலை' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

அணியின் நட்சத்திரம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெடியன். ஆளின் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் நெடுவல். பந்து அவன் கையில் நின்றாலும் நிற்கும், வாய் நிற்காது. "இங்கே பந்து விளையாடுவதா, மீன் பிடிப்பதா?" என்று பத்திரிகைக்காரனிடம் கேட்டுவிட்டான். அது அச்சில் வந்தது. இன்னொரு வார்த்தை வந்தால் வீட்டுக்கு என்றார் மனேஜர். பெரிய லீக்கிலிருந்து யாராவது வந்து தன்னைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தவன். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தான்.

எங்களுடன் மட்டும் பேசுவான். எதற்கும் நாங்கள் "ஓம், ஓம்" என்பதைக் கேட்டு, தியானம் என்று நினைத்துக் கைகூப்பினான். மூர்த்தி அண்ணைக்குத் தாங்கவில்லை.

"சாமியும் இல்லை, பூதமும் இல்லையடா தம்பி. ஓம் எண்டால் யெஸ்!"

நெடுவலுக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று.

பிறகு ஒரு படுதோல்வி. பத்திரிகைக்காரன் அவனை மறித்து, இந்த அணி முடிந்துபோயிற்றா என்று கேட்டான். பக்கத்தில் மனேஜர். நெடுவல் கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து, "ஓம்" என்றான். பத்திரிகைக்காரன் மரியாதையாக விலகினான். பெடியன் ஒருவழியாக ஞானம் பெற்றுவிட்டான் என்று மனேஜருக்கும் திருப்தி.

நாங்கள் துடைப்பானைப் பிடித்தபடி சிரித்தோம். மூர்த்தி அண்ணைதான் முதலில் நிறுத்தினார்.

"டேய், உவன் சொல்லுறது உண்மையெண்டால் எங்கட வேலையும் போச்செல்லே?"

போயிற்று. பனி கரைவதற்குள் அணி வேறு ஊருக்கு மாறிவிட்டது. நெடுவலும் போனான். பெரிய லீக் ஆட்டங்களில் அவன் முகத்தைப் பல வருடம் தேடினேன், காணவில்லை. மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள். மூர்த்தி அண்ணை போன வருடம் பக்கத்து ஊரான விட்பியில் காலமானார். இந்த நகரத்தில் எங்கள் பாஷையைக் கேட்டுப் படித்த முதல் ஆள் நெடுவல் என்று சொன்னால் பேரன்கூட நம்புவதில்லை. அன்று சிரித்ததற்குச் சாட்சி சொல்ல இனி யாரும் இல்லை.